ஹிக்ஸ் சிதைவில் வரும் இரண்டாவது இசட்: மெய்த்துகளா, மெய்நிகர் துகளா?

நிலவன் (இழையைத் தொடங்கியவர்)

எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இந்த செமஸ்டர்ல குவாண்டம் புலக் கோட்பாடு. ஒரு சந்தேகம் மண்டையைக் குடையுது.

மெய்நிகர் துகள்னா ஃபெய்ன்மன் வரைபடத்துக்கு (துகள்கள் மோதறதைக் கணக்குப் போட வரையற கோட்டுப் படம்) உள்ளேயே ஆரம்பிச்சு உள்ளேயே முடியற கோடு. ஆற்றலின் வர்க்கத்துலேர்ந்து உந்தத்தின் வர்க்கத்தைக் கழிச்சா நிறையின் வர்க்கம் வரணும்ங்கற உறவுக்கு அது கட்டுப்படாது. அதாவது ஆஃப்-ஷெல். அதனால எந்த டிடெக்டரும் அதைப் பிடிக்க முடியாது. இதுவரைக்கும் புரியுது.

ஆனா 2012-ல ஹிக்ஸைக் கண்டுபிடிச்சப்ப காட்டுன முக்கியமான ஆதாரங்கள்ல ஒண்ணு நாலு லெப்டான் (எலக்ட்ரான், மியூவான் வகைத் துகள்) நிகழ்வுகள். ஹிக்ஸ் ரெண்டு இசட் போசானா (மென்விசைத் துகள்) உடையுது, ஒவ்வொரு இசட்டும் ஒரு எலக்ட்ரான் ஜோடியாவோ மியூவான் ஜோடியாவோ உடையுது. ஹிக்ஸோட நிறை 125 ஜிஇவி (துகளோட நிறையைச் சொல்ற ஆற்றல் அலகு), இசட்டோட நிறை 91. ரெண்டு இசட்டுக்கு 182 வேணும், கையில 125தான் இருக்கு. கேட்டா, "ஒண்ணு மெய், இன்னொண்ணு மெய்நிகர்"னு சொல்லிட்டுப் போயிடறாங்க. ஆனா ரெண்டு ஜோடிக்கும் நிறை அளந்து படம் போட்டிருக்காங்களே! பிடிக்கவே முடியாத ஒண்ணுக்கு எப்படி நிறை அளந்தாங்க?

மோதல்வளையம்

தம்பி, கொலைடர் தரவுல சில வருஷம் குப்பை கொட்டினவன்ங்கற உரிமையில சொல்றேன். டிடெக்டர்ல பிடிபடறது நாலு லெப்டான் மட்டும்தான். ரெண்டாவது இசட் மட்டுமில்ல, முதல் இசட்டும் பிடிபடறதில்ல.

இசட்டோட ஆயுள் சுமார் 2.6 × 10⁻²⁵ வினாடி. ஒளி வேகத்துல ஓடினாக்கூட அதுக்குள்ள 0.08 ஃபெம்டோமீட்டர்தான் நகரும். புரோட்டானோட ஆரத்துல பத்துல ஒரு பங்கு. டிடெக்டரோட முதல் சிலிக்கான் அடுக்கு மோதல் புள்ளியிலேர்ந்து சென்டிமீட்டர் கணக்குல தள்ளி இருக்கு. ஆக "மெய்"யின்னு நாம செல்லமா கூப்பிடற இசட்டும் வரைபடத்துல ஓர் உள்கோடுதான்.

அப்ப நிறை எங்கேர்ந்து வந்துதுன்னா, ரெண்டு மியூவானோட ஆற்றலையும் உந்தத்தையும் தனித்தனியா கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு நீ சொன்ன அதே கழித்தலைப் போடறோம். இதை எந்த ரெண்டு துகளுக்கும் போடலாம். இசட் வழியா வந்த ஜோடின்னா விடை 91-ஐச் சுத்திக் குவியும். ஆனா ஊசி முனை மாதிரி இல்ல, சுமார் 2.5 ஜிஇவி அகலத்துக்குப் பரவி. 91.19 வந்தா மெய், 89 வந்தா மெய்நிகர்னு யாரும் கோடு கிழிக்கறதில்ல. 60-ன்னா? 30-ன்னா? வளைவு ஒரே வளைவு, வால் பகுதியில உயரம் கம்மி, அவ்வளவுதான்.

சிஎம்எஸ் குழு (ஹிக்ஸைக் கண்டுபிடிச்ச ரெண்டு டிடெக்டர் குழுக்கள்ல ஒண்ணு) என்ன பண்ணாங்கன்னா, 91-க்கு நெருக்கமா இருக்கற ஜோடிக்கு இசட்1-னு பேர் வெச்சு, அதோட நிறை 40-லேர்ந்து 120 ஜிஇவிக்குள்ள இருக்கணும்னாங்க. மிச்ச ஜோடி இசட்2, அது 12-லேர்ந்து 120-க்குள்ள. ஹிக்ஸ் நிகழ்வுகள்ல இசட்2 பெரும்பாலும் 30-ஐ ஒட்டித்தான் குவியும். "மெய்", "மெய்நிகர்"ங்கற முத்திரையை குத்துறது நாம எழுதுன நிரல்.

இன்னொண்ணு. நாலும் மியூவானா வந்துட்டா எந்த நேர் மியூவானை எந்த எதிர் மியூவானோட சேர்க்கறது? ரெண்டு விதமா ஜோடி போடலாம். ரெண்டு வழிக்கும் வீச்சு (வர்க்கப்படுத்தினா நிகழ்தகவு தர்ற எண்) உண்டு, ரெண்டையும் கூட்டித்தான் வர்க்கப்படுத்தணும், குறுக்கீடும் வரும். அந்த நிகழ்வுல "இந்த ரெண்டும்தான் அந்த இசட்டுலேர்ந்து வந்தது"ங்கற உண்மையே கிடையாது.

கறார்கணக்கு

மோதல்வளையம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அவர் பாதி வழியில் நின்றுவிட்டார்.

மெய்நிகர் துகள் என்பது ஒரு துகள் வகையே அல்ல. தீர்க்க முடியாத ஒரு கணக்கைத் தொடராக விரிக்கிறோம், அந்தத் தொடரில் வரும் உறுப்புகளைப் படமாக வரைகிறோம், படத்தின் உள்கோட்டுக்கு ஒரு பெயர் சூட்டுகிறோம். கடைக்காரர் 17 ரூபாய் வீதம் 23 தேங்காய்க்கு மனக்கணக்குப் போடும்போது 17 × 20 = 340, 17 × 3 = 51 என்று பிரிக்கிறார். கல்லாவில் விழுவது 391. அந்த 340 ரூபாய் ஒரு கணம் "தோன்றி மறைந்தது" என்று யாராவது கட்டுரை எழுதுவார்களா?

எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-இல் ஷ்விங்கர் போட்ட முதல் திருத்தம் ஆல்ஃபாவை (மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் எண்) இரண்டு பையால் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 0.00116. ஐந்தாம் படிக்குப் போனால் 12,672 வரைபடங்கள். தனித்தனி வரைபடத்தின் மதிப்பு நாம் எந்த கேஜை (ஒரே புலத்தை எழுதும் பல சமமான வழிகளில் ஒன்றை) தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். எல்லாவற்றையும் கூட்டினால்தான் மாறாத விடை. தேர்வுக்குத் தேர்வு மாறும் ஒன்றை இயற்கையில் நடக்கும் சம்பவம் என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, அந்தத் தொடரே கடைசிவரை கூட்டினால் விரிந்து வெடித்துவிடும் என்று டைசன் 1952-இலேயே வாதிட்டுவிட்டார்.

லாட்டிஸ் முறையில் (வெளியையும் காலத்தையும் கட்டங்களாகப் பிரித்து) கணினியில் புரோட்டானின் நிறையைக் கணக்கிடுபவர்கள் ஒரு ஃபெய்ன்மன் வரைபடம்கூட வரையாமல் விடை சொல்கிறார்கள். 2008-இல் சில விழுக்காடு துல்லியத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கணக்கில், குவார்க்குகளைப் பிணைப்பதாகச் சொல்லப்படும் மெய்நிகர் குளுவானைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது.

வல்லைவெளி

தேங்காய்க் கணக்கு வடிவாத்தான் இருக்கு. ஆனா ஒண்டு கேக்கிறன்.

செர்ன் ஆய்வகத்தில இருந்த எல்இபி மோதுகருவி 1989இல தொடங்கி முதல் சில வருசம் 91 ஜிஇவியை ஒட்டித்தான் ஓடினது. டொப் குவார்க்கின்ர நிறை 173. சோடியா உண்டாக்க 346 வேணும். அங்க ஒரு டொப் குவார்க் பிறக்க வழியே இல்லை. எண்டாலும் இசட்டின்ர அளவீடுகளில இருந்த நுணுக்கமான விலகல்களை வைச்சு, டொப்பின்ர நிறை 170, 180 அளவில இருக்கவேணும் எண்டு முதலே கணிச்சிட்டினம். 1995இல அமெரிக்காவின்ர டெவட்ரோன் மோதுகருவியில கண்டுபிடிச்சா அந்த இடத்திலதான் இருந்தது. 340 ரூபா வெறும் மனக்கணக்கு எண்டால், இல்லாத ஒண்டு எப்பிடித் தன்ர நிறையைக் காட்டிக் குடுத்தது?

கறார்கணக்கு

நல்ல அடி. இதற்குப் பதில் சொல்லாமல் என் வாதம் நிற்காது.

காட்டிக்கொடுத்தது டாப் *புலம்*. அது எங்கும் இருக்கிறது, எல்இபி குழாய்க்குள்ளும் இருந்தது. இசட் புலத்தோடு அது பிணைந்திருப்பதால் இசட்டின் நடத்தையில் அதன் நிறை தெரிகிறது. இதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. நான் மறுப்பது அடுத்த வாக்கியத்தை மட்டும்: "ஆகவே ஒரு டாப் குவார்க்கும் ஓர் எதிர் டாப் குவார்க்கும் ஒரு கணம் பிறந்து இறந்தன." புலத்தின் விளைவு உண்மை. அந்த விளைவை எண்ணிக்கை உள்ள பொருட்களாக உடைத்து, இத்தனை பிறந்தது, இத்தனை இறந்தது என்று கணக்கு எழுதுவதுதான் கற்பனை. துகள் என்றால் எண்ண முடியவேண்டும்.

இன்னும் ஓர் உதாரணம். நியூட்ரான் சிதைவு. நியூட்ரானுக்கும் புரோட்டானுக்கும் நிறை வேறுபாடு 1.293 எம்இவி (ஜிஇவியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எம்இவி). இடையில் வருவதாகச் சொல்லப்படும் டபிள்யூ போசானின் நிறை 80.4 ஜிஇவி, ஏறத்தாழ அறுபதாயிரம் மடங்கு. 1934-இல் ஃபெர்மி டபிள்யூ என்ற பேச்சே இல்லாமல், நான்கு துகள்களும் ஒரே புள்ளியில் சந்திப்பதாக எழுதினார். நியூட்ரான் சிதைவின் ஆற்றலுக்கு அது அபாரமாக வேலை செய்கிறது. 1983-இல் செர்னில் டபிள்யூ பிடிபட்டது. அதற்காக, ஒவ்வொரு நியூட்ரான் சிதையும்போதும் நடுவே ஒரு டபிள்யூ எட்டிப் பார்த்துவிட்டுப் போனது என்று ஆகிவிடுமா? ஒரே சிதைவுக்கு இரண்டு வரைபடங்கள், ஒன்றில் டபிள்யூ கோடு உண்டு, மற்றதில் இல்லை, விடை ஒன்றுதான்.

அகத்தியன்78

இதெல்லாம் நம்ம சித்தர்கள் எப்பவோ பாடி வெச்சுட்டாங்க, "இருக்கு ஆனா இல்ல"ன்னு…

மட்டுறுத்துநர்

சித்தர் பாடல்கள் பற்றிய பதிவுகள் ஆன்மிகப் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே தொடர வேண்டாம்.

செல்வராணி டீச்சர்

வணக்கம். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். உங்கள் அளவுக்குக் கணிதம் தெரியாது, கேள்வியில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அறிமுகப் புத்தகங்களில் எல்லாம் "நிலையின்மைக் கோட்பாட்டின்படி வெற்றிடம் கொஞ்ச நேரத்துக்கு ஆற்றலைக் கடன் தருகிறது, துகள் அதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்" என்று இருக்கிறது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன். கறார்கணக்கு சார் சொல்வதைப் பார்த்தால் அது தவறா? கேசிமிர் விளைவில் இரண்டு தகடுகள் ஒட்டிக்கொள்வதை அளந்தே காட்டியிருக்கிறார்களாமே?

மோதல்வளையம்

டீச்சர், கடன் கதைக்கு ஒரு மூலம் இருக்கு, முழுக்கப் பொய்யின்னு தள்ள முடியாது. ஃபெய்ன்மனுக்கு முந்தைய பழைய கணக்கு முறையில, இடைநிலைகள்ல துகள்கள் எல்லாம் ஆன்-ஷெல்லா (நிறை உறவுக்குக் கட்டுப்பட்டு) இருக்கும், உந்தம் மாறாது, ஆனா ஆற்றல் கணக்கு இடிக்கும். கடன் கதை அங்கேர்ந்து கிளம்பினது. ஃபெய்ன்மன் முறையில நேர்மாறு. ஒவ்வொரு சந்திப்புப் புள்ளியிலயும் ஆற்றலும் உந்தமும் பைசா பிசகாம சரியா இருக்கும், இடிக்கறது நிறை உறவு மட்டும்தான். ரெண்டும் ஒரே விடையைத் தருது. எந்த விதி "மீறப்பட்டது"ங்கறது நாம எந்த நோட்டுல கணக்கு எழுதறோம்ங்கறதைப் பொறுத்து மாறுதுன்னா, மீறல் நோட்டுல இருக்கு, இயற்கையில இல்ல.

பிள்ளைங்ககிட்ட "கடன்"னு சொன்னா, வெற்றிடத்துல ஆற்றல் கூடிக் குறையுதுன்னு புரிஞ்சுப்பாங்க. வெற்றிடம் திட்டமான ஆற்றல் உள்ள ஒரு நிலை, அதோட ஆற்றல் நேரத்தோட மாறாது. அது மட்டும் சரியாப் பதிஞ்சா போதும்.

கேசிமிர் விஷயத்தை கறார்கணக்கு சொல்லட்டும், அவருக்குப் பிடிச்ச சண்டை அது.

கறார்கணக்கு

அம்மா, கேசிமிர் விசை நூறு விழுக்காடு உண்மை. 1948-இல் கணிக்கப்பட்டது, 1997-இல் லாமரோ துல்லியமாக அளந்தார். ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் இரண்டு முழுமையான கடத்தித் தகடுகள் இருந்தால் அழுத்தம் 1.3 மில்லிபாஸ்கல் வரும்.

வழக்கமான விளக்கம், தகடுகளுக்கு வெளியே மெய்நிகர் ஃபோட்டான்கள் அதிகம், உள்ளே குறைவு, ஆகவே தள்ளுகின்றன என்பது. ஆனால் தகடுகள் வெறும் எல்லைகள் அல்ல, உலோகம். உள்ளே மின்னூட்டங்கள் இருக்கின்றன. அந்த மின்னூட்டங்களின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதாக லிஃப்ஷிட்ஸ் 1956-இல் கணக்கிட்டார். மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் விசையின் பெரிய வடிவம் அது. 2005-இல் ஜாஃபி இன்னொன்றைச் சுட்டினார்: புகழ்பெற்ற அந்தச் சூத்திரத்தில் எலக்ட்ரானின் மின்னூட்டம் தென்படவில்லை என்றாலும், மின்னூட்டத்தைப் பூச்சியமாக்கினால் விசையும் பூச்சியமாகிவிடும். அதாவது வெற்றிடம் தனியாக எதையும் தள்ளவில்லை, உலோகம் இல்லாமல் விசை இல்லை.

நிலவன்

அப்ப ரெண்டு எலக்ட்ரான் ஒண்ணையொண்ணு தள்ளறது? "மெய்நிகர் ஃபோட்டானைப் பந்து மாதிரி எறிஞ்சு விளையாடுது"ன்னு வீடியோ எல்லாம் இருக்கே.

கறார்கணக்கு

அந்த வீடியோ எடுத்தவரிடம், எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஏன் ஈர்க்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பந்தைப் பின்பக்கமாக எறிகிறது என்பார்.

கூலும் கேஜ் என்ற தேர்வில் எழுதினால், மின்னூட்டங்களுக்கு இடையிலான நிலைமின் விசை நேரடியாகவே ஆற்றல் கோவையில் உட்கார்ந்திருக்கும், ஃபோட்டான் பரிமாற்றமே தேவையில்லை. வேறு கேஜில் எழுதினால் அதே விசையை மெய்நிகர் ஃபோட்டான் கோட்டிலிருந்து எடுக்கலாம், உந்தத்தின் வர்க்கத்தின் தலைகீழை ஃபூரியே மாற்றினால் தூரத்தின் தலைகீழ் கிடைக்கும். வலிய விசைக் கணக்கில் ஃபதேயேவ்–போபோவ் பேய்த்துகள்கள் என்று ஒரு கூட்டமும் உள்கோடுகளாக வரும். பெயரே பேய். அவை நிஜமாக இருப்பதாக ஒருவரும் வாதாடுவதில்லை. குளுவான் உள்கோட்டுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை?

வல்லைவெளி

சரி, உள்கோடு முழுக்கக் கணக்கு எண்டு வைப்பம். எங்கட கண்ணுக்கு வாற நட்சத்திர வெளிச்சம்? ஃபோட்டோன் நட்சத்திரத்தில வெளிக்கிட்டு என்ர விழித்திரையில முடியுது. ரெண்டு பக்கமும் முடியிற கோடு உள்கோடுதானே. அப்ப பிரபஞ்சத்தில மெய்யான ஃபோட்டோன் ஒண்டுமே இல்லையோ? நீங்கள் கறாரா நிண்டால் இதையும் கணக்கிலதான் எழுதவேணும்.

மோதல்வளையம்

இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டிருந்தேன். கணக்குப் போட்டே பார்த்துடலாம்.

பக்கத்துல இருக்கற நட்சத்திரம் பிராக்சிமா, 4.2 ஒளியாண்டு, மீட்டர்ல 4 × 10¹⁶. அவ்வளவு தூரம் ஓடுன ஃபோட்டானோட ஆற்றல் ஆன்-ஷெல் மதிப்புலேர்ந்து எவ்வளவு விலகியிருக்க முடியும்? குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியை ஒளி வேகத்தால பெருக்கி தூரத்தால வகுத்தா தோராயமா கிடைச்சுடும். பெருக்கல் தொகை 2 × 10⁻⁷ எலக்ட்ரான்வோல்ட்-மீட்டர். வகுத்தா 5 × 10⁻²⁴ எலக்ட்ரான்வோல்ட். சிவப்பு ஃபோட்டானோட ஆற்றல் சுமார் 2 எலக்ட்ரான்வோல்ட். ஆக விலகல் 10²⁴-ல ரெண்டு, மூணு பங்கு. கோட்பாட்டளவுல உள்கோடு, நடைமுறையில ஆன்-ஷெல்.

இதே கணக்கை இசட்2-க்குப் போட்டா விலகல் 60 ஜிஇவி, நியூட்ரான் சிதைவுல வர்ற டபிள்யூவுக்குப் போட்டா கிட்டத்தட்ட முழு 80 ஜிஇவியும் விலகல். ஒரு முனையில நட்சத்திர ஃபோட்டான், மறுமுனையில டபிள்யூ, நடுவுல இசட்1-ம் இசட்2-ம். கறார்கணக்கு "துகளே இல்லை"ங்கறது டபிள்யூ முனைக்குக் கச்சிதமா பொருந்தும். நட்சத்திர முனையில அதையே சொன்னா நாம எதைப் பார்த்துட்டிருக்கோம்னே சொல்ல முடியாமப் போயிடும். விலகல் எவ்வளவுங்கறதுதான் உருப்படியான கேள்வி. மெய்யா மெய்நிகரான்னு ரெண்டே பெட்டி வெச்சது வசதிக்கு.

கறார்கணக்கு

இதை ஏற்கிறேன். வெளிக்கோடு என்பதே முடிவிலியிலிருந்து வந்து முடிவிலிக்குப் போகும் துகள் என்ற இலட்சியம்தான், அப்படி ஒரு துகளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் ஒன்று: நட்சத்திர ஃபோட்டானை *எண்ண* முடிகிறது. சிசிடி ஒளியுணரியில் டக் டக்கென்று பதிவாகிறது. இசட்2-ஐ, நாலு மியூவான் வந்தால், எண்ண முடியவில்லை என்று நீங்களே மேலே எழுதியிருக்கிறீர்கள்.

செல்வராணி டீச்சர்

ஹாக்கிங் கதிர்வீச்சையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள். வருடா வருடம் யாராவது ஒரு பையன் கேட்டுவிடுகிறான்.

வல்லைவெளி

அதை நான் சொல்லுறன் டீச்சர். கருந்துளை விளிம்பில மெய்நிகர் சோடி பிறந்து ஒண்டு உள்ள விழ மற்றது தப்புது எண்ட படத்தை ஹோக்கிங்கே தன்ர 1975 கட்டுரையில குடுத்திட்டு, இதைச் சொல்லுக்குச் சொல் எடுக்கவேண்டாம் எண்டும் எழுதியிருக்கிறார். சூரிய நிறையுள்ள கருந்துளை எண்டால் விளிம்பின்ர ஆரம் 3 கிலோமீற்றர், வெப்பநிலை 6 × 10⁻⁸ கெல்வின். அந்த வெப்பநிலைக்கு உச்ச அலைநீளம் கிட்டத்தட்ட 47 கிலோமீற்றர். கருந்துளையை விட ஒரு ஃபோட்டோன் பெரிசு. அது விளிம்பில குறிப்பிட்ட ஒரு இடத்தில பிறந்தது எண்டு எப்பிடிச் சொல்லுறது? பொடியனிட்ட 47 எண்ட கணக்கைப் போடச் சொல்லுங்கோ.

நிலவன்

ஆஃப்-ஷெல்லா இருக்கறதை வெச்சு ஏதாவது உருப்படியா அளந்திருக்காங்களா, இல்ல வெறும் பேர் வைக்கற பிரச்சினை மட்டும்தானா?

மோதல்வளையம்

அளந்திருக்காங்க, அதுவும் ஹிக்ஸையே. ஹிக்ஸோட அகலம் 4.1 எம்இவின்னு கோட்பாடு சொல்லுது. டிடெக்டரோட நிறைத் துல்லியமோ 1, 2 ஜிஇவி. உச்சத்தைப் பார்த்து அகலத்தை அளக்க வாய்ப்பே இல்ல. அதனால வாலைப் பிடிச்சாங்க. நாலு லெப்டானோட மொத்த நிறை 182-க்கு மேல போற நிகழ்வுகளைப் பாரு. அங்க ரெண்டு இசட்டும் ஆன்-ஷெல்லுக்குப் பக்கத்துல, ஹிக்ஸ்தான் ஆஃப்-ஷெல். உன் கேள்வியோட தலைகீழ். உச்சத்துல கிடைக்கற எண்ணிக்கை அகலத்தைப் பொறுத்தது, வால்ல கிடைக்கறது அகலத்தைப் பொறுத்ததில்ல. ரெண்டையும் வகுத்தா அகலம் வந்துடும். ஹிக்ஸோட பிணைப்பு வலிமை ரெண்டு இடத்துலயும் கோட்பாடு சொல்றபடி இருக்குன்னு எடுத்துக்கணும், அது ஒண்ணுதான் நிபந்தனை. சிஎம்எஸ் 2022-ல 3.2 எம்இவின்னு சொன்னாங்க, பிழை எல்லை மேல் பக்கம் 2.4, கீழ்ப் பக்கம் 1.7 எம்இவி.

வால்ல தனியா ஹிக்ஸ் நிகழ்வுன்னு ஒண்ணைப் பிரிச்சுக் காட்ட முடியாதுங்கறதையும் சொல்லிடறேன். ஹிக்ஸ் இல்லாமலே ரெண்டு குளுவான் ரெண்டு இசட் ஆகற வழி ஒண்ணு இருக்கு, அது ஹிக்ஸ் வழியோட குறுக்கிட்டு மொத்த எண்ணிக்கையைக் *குறைக்குது*. ஹிக்ஸ் சேர்ந்தா நிகழ்வு கூடணும்னு நினைப்போம், இங்க குறையுது.

கறார்கணக்கு

சேர்த்தால் எண்ணிக்கை குறையும் துகள்! என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வல்லைவெளி

ஒரு கடைசிக் கொழுக்கி. 2021இல அமெரிக்காவின்ர ஸ்டார் ஆய்வுக் குழு, தங்க அணுக்கருக்களைக் கிட்டக் கிட்ட உரசாமல் ஓடவிட்டு, "மெய்யான ஃபோட்டோன் ரெண்டை மோதி எலக்ட்ரோன், பொசிட்ரோன் சோடி உண்டாக்கிட்டம், 1934இல பிரைட்டும் வீலரும் சொன்னது இதுதான்" எண்டவை. 6085 சோடி. ஆனா அந்த ஃபோட்டோன் அணுக்கருவைச் சுத்தியிருக்கிற மின்புலம்தானே. அது மெய்யோ?

மோதல்வளையம்

மறுபடியும் விலகல் கணக்குதான். தங்க அணுக்கருவோட ஆரம் 7 ஃபெம்டோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுலேர்ந்து வர்ற புலத்தோட குறுக்கு உந்தம் 30 எம்இவி அளவுதான், விலகலும் அந்த அளவுக்குள்ள. உண்டான ஜோடிகளோட நிறை 0.4-லேர்ந்து 2.6 ஜிஇவி வரைக்கும். குறைஞ்ச நிறையை எடுத்துக்கிட்டாலும், விலகலோட வர்க்கம் நிறையோட வர்க்கத்துல ஒரு விழுக்காட்டுக்குக் கீழ. ஜோடிகளோட கோணப் பரவல்ல, நேர்கோட்டு முனைவாக்கம் உள்ள ஃபோட்டானுக்கு எதிர்பார்க்கற நாலு மடங்குக் கோண ஏற்ற இறக்கமும் தெரிஞ்சுது. அதனால "மெய்"யின்னு அவங்க எழுதினதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கறார்கணக்கு

நான் சொல்வேன். 1997-இல் அமெரிக்காவின் எஸ்எல்ஏசி ஆய்வகத்தில் லேசரை வைத்துச் செய்தார்களே, அதில் இரண்டு பக்கமும் தடையின்றிப் பறந்து வந்த ஒளி. ஆனால் ஒரு ஜோடிக்கு நாலைந்து லேசர் ஃபோட்டான்கள் சேர்ந்து வர வேண்டியிருந்தது, பிரைட்–வீலர் கேட்ட ஒன்றுக்கு ஒன்று அல்ல. ஸ்டாரில் ஒன்றுக்கு ஒன்று, ஆனால் ஒளி மூலத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை. அணுக்கரு பக்கத்தில் இருக்கும்வரைதான் அந்தப் புலமும். "மெய்க்கு மிக அருகில்" என்று எழுதியிருந்தால் எனக்குச் சண்டையில்லை.

மோதல்வளையம்

தலைப்புல அப்படி எழுதினா எந்தப் பத்திரிகை போடும்?